பழைய கணக்கும் புதிய கணினியும்

நாற்பது ஆண்டுகள் ஒரே வியாபார நிலையத்திற் பணிபுரிந்த கணக்கப்பிள்ளை ஒருவர் ஓய்வு பெறுகின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். பேரேடுகளையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் விடைபெறுகின்றார். ஏட்டில் உள்ளவை யாவும் கைமாறிவிட்டன. ஆனால், எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாட் தவணை கொடுப்பது, மழைக்காலத்தில் எந்தச் சரக்கை எந்த அறைக்கு மாற்றுவது, மாத முடிவில் எந்தக் கணக்கை முதலில் முடிப்பது என்பன ஏட்டில் இல்லை. அவை அவருடைய நினைவில் இருந்தன. அவர் படியிறங்கிச் சென்ற மறுநாளே அவற்றின் அருமை தெரியவரும்.

இக்காலத்துப் பெரிய கம்பனிகளிலே அந்தக் கணக்கப்பிள்ளையின் இடத்தில் இருப்பது கணினி. அதனை இயக்குவது மென்பொருள். 1959ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கோபோல் என்னும் கணினி மொழியில் எழுதப்பெற்ற நிரல்கள் பல வங்கிகளில் இன்றும் இயங்குகின்றன. அவற்றை எழுதியோருட் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். திருத்துவதற்கு ஆள் கிடைப்பது அரிது. புதிய தேவைகளுக்கு அவை எளிதில் வளைந்து கொடுப்பதுமில்லை. ஆகவே, பழையதை அகற்றிப் புதியதை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. எண்ணத்திலே தவறில்லை. அதை நிறைவேற்றும் முறையிலேதான் இடர் இருக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பெயர்பெற்ற இனிப்புப் பண்டக் கம்பனி ஹேர்ஷி. பழைய கணினி முறைமைகளை நீக்கிப் புதியவற்றை அமைக்க முற்பட்டபோது, நான்கு ஆண்டுகள் வேண்டும் என்ற வேலையை முப்பது மாதங்களுள் முடிக்க அது விரும்பியது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பல பகுதிகள் ஒருங்கே மாற்றப்பட்டன. அந்நாட்டுப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறும் ஹலோவீன் விழா ஒக்டோபர் மாத இறுதியில் வருவது. இனிப்பு வியாபாரம் உச்சத்தை அடையும் அக்காலத்திற்கு முன்னரே புதிய முறைமை தடுமாறத் தொடங்கிற்று. பண்டம் களஞ்சியத்தில் இருந்தது. கடைக்குப் போய்ச் சேரவில்லை. நெருக்கடிக் காலத்தில் ஊழியர் வழக்கமாகச் சரக்கு வைத்த சில இடங்கள் புதிய முறைமையிற் பதியப்படாமையும் ஒரு காரணம் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். கண்ணெதிரே இருந்த சரக்குக் கணினியின் கணக்கில் இல்லை! பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட பண்டங்களை உரிய காலத்தில் அனுப்ப இயலவில்லை. அந்தக் காலாண்டின் இலாபம் நூற்றுக்கு 19 வீதம் வீழ்ந்தது.

ஜேர்மனியின் லிட்ல் என்னும் பெருங்கடை நிறுவனத்தின் கதை வேறு விதமானது. 2011ஆம் ஆண்டில் அது புதிய முறைமை ஒன்றை அமைக்கத் தொடங்கியது. அந்நிறுவனம் தன் சரக்கின் மதிப்பைக் கொள்விலையிற் கணிப்பது வழக்கம். வாங்கிய மென்பொருளோ விற்பனை விலையிற் கணிக்குமாறு அமைந்திருந்தது. தன் வழக்கத்தை மாற்ற நிறுவனம் இசையவில்லை. மென்பொருளையே தனக்கேற்ப மாற்ற முனைந்தது. சட்டை பொருந்தாதபோது வெட்டியும் ஒட்டியும் தைத்தது போலாயிற்று. ஏறத்தாழ ஐம்பது கோடி யூரோ செலவானதாகக் கணக்கிடப்பட்ட அம்முயற்சி 2018ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. நிறுவனம் தன் பழைய முறைமைக்கே திரும்பியது.

இவ்விரு கதைகளிலும் நட்டமடைந்தவை பெரும்பாலும் கம்பனிகளே. மூன்றாவது கதையில் இன்னலுற்றோர் பொதுமக்கள்.

பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி, லொயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்தபின்னும் அக்குழுமத்தின் கணினி முறைமையையே கட்டணஞ் செலுத்திப் பயன்படுத்தி வந்தது. 2015ஆம் ஆண்டில் சபடேல் என்னும் ஸ்பானிய வங்கி அதனை வாங்கியது. வாடிக்கையாளர் 52 இலட்சம் பேரின் கணக்குகளைப் புதிய முறைமைக்கு மாற்றுவதென முடிவாயிற்று. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து வார இறுதி ஒன்றிலே அவ்வேலை நடந்தேறியது. கணக்கு விவரங்கள் யாவும் பத்திரமாகவே வந்து சேர்ந்தன. ஏடு வந்தது; ஏட்டைத் திறந்து காட்டும் கைதான் ஓய்ந்துபோயிற்று. கிளைகளிலும் தொலைபேசியிலும் இணையத்திலும் சேவை தடைப்பட்டது. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்குகளைத் திறக்க இயலாது தவித்தனர். சிலருக்குப் பிறர் கணக்குகள் திரையிலே தோன்றின. குழப்பத்தைப் பயன்படுத்திய வஞ்சகரிடம் பணம் இழந்தோரும் உளர். தம் பணம் தம் பெயரிலே இருந்தும், வேண்டிய வேளையில் எடுக்க முடியாத நிலை அது.

வழமைநிலை திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் மாதமாயிற்று. வங்கியின் தலைமை அதிகாரி செப்டெம்பரிலேயே பதவி விலகினார். அவ்வாண்டில் வங்கிக்கு நேர்ந்த செலவு 33 கோடி பவுண். 80,000 வாடிக்கையாளர் வேறு வங்கிகளை நாடிச் சென்றனர். 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மேற்பார்வை அதிகார சபைகள் இரண்டும் சேர்ந்து 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன.

காரணம் யாது? வங்கியே நியமித்த ஆய்வாளர்களின் அறிக்கை 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிறுசிறு பகுதிகளாக மாற்றாமல் பெரும்பாலும் ஒரே தடவையில் மாற்றியமை ஒரு குறை. புதிய முறைமை இரண்டு தரவு நிலையங்களிலிருந்து இயங்க வேண்டியிருக்க, ஒன்றை மட்டுமே முறையாகச் சோதித்தமை மற்றொரு குறை. எல்லாவற்றிற்கும் மேலாக, வேலைக்கு வேண்டிய காலத்தைக் கணக்கிட்டு நாளைக் குறிக்காமல், நாளை முதலிற் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடக்க முயன்றனர். நெறியாளர் சபை கேட்க வேண்டிய வினாக்களைக் கேட்கவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது தமிழர் பழமொழி. பழைய முறைமை என்பது வெறும் பொறியன்று. பல ஆண்டுகளாக ஒரு நிறுவனம் கற்றுக்கொண்டவை அதற்குள் உறைந்து கிடக்கின்றன. அவற்றுட் பல, ஏட்டில் எழுதப்படாதவை. ஆகவே, மாற்றத்தை விரும்புவோர் முதலில் அணுக வேண்டியவர்கள் மென்பொருள் விற்போரல்லர். நாள்தோறும் அம்முறைமையோடு பழகும் எழுதுவினைஞரும் களஞ்சியப் பொறுப்பாளரும் ஆவர். எந்த வழக்கத்தைக் காப்பது, எதை விடுவது என்பதை நிறுவனம் முன்னரே துணிதல் வேண்டும். பின்னர், இயன்றவரை பகுதி பகுதியாக மாற்றுதல் நன்று. பழையதையும் புதியதையும் சிலகாலம் அருகருகே இயக்கி, இரண்டின் விடைகளும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பதும் நன்று. திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிடலாகாது. ஆயத்தம் போதாதெனின், குறித்த நாளைத் தள்ளிவைக்கும் துணிவு மேலாளருக்கு இருத்தல் வேண்டும்.

கணக்கப்பிள்ளை என்றோ ஒருநாள் ஓய்வு பெறத்தான் வேண்டும். அதை எவராலும் தடுத்தல் இயலாது. ஆனால், அவர் படியிறங்குமுன் புதியவரை அருகில் இருத்திச் சில மாதங்கள் கணக்கெழுத வைத்த முதலாளிக்கு மறுநாட் கவலை குறைவு. கணினிக்கும் விதி அதுவே.