யானைக்கு இனி வழி உண்டா?

தோழர்களே, பகுஜன் சமாஜ் கட்சியின் தேர்தல் எதிர்காலம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கவிதை எழுதுறவனைக் கூப்பிட்டு ஜோசியம் கேக்குறீங்க. நமக்கு ஜோசியம் வராது. பேங்க் கிளார்க், கணக்கு கொஞ்சம் வரும்.

உத்தரப்பிரதேச சட்டமன்றத்தில் 403 இடங்கள். 2007-ல் கட்சிக்கு 30 சதவீத ஓட்டு, 206 இடம், தனி ஆட்சி. 2012-ல் 26 சதவீதத்தை ஒட்டி, 80 இடம். 2017-ல் 22 சதவீதம், 19 இடம். 2022-ல் 13-க்குக் கொஞ்சம் குறைவு, இடம் ஒன்றே ஒன்று. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த மாநிலத்தில் ஒன்பது சொச்சம். இடமே இல்லை. முப்பது இருபத்திரண்டானபோது இடம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது பாருங்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் சனங்களின் ஓட்டு ஒரு அளவுக்குக் கீழே போனால் இந்தத் தேர்தல் முறையில் செல்லாக் காசு. அங்கே பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 21 பேர். தனித்தொகுதியில் ஜெயிக்கவும் மற்றவர் ஓட்டு வேண்டும்.

அதனால கூட்டணிதான் மருந்து என்கிறார்கள். பாதி சரி. 2019-ல் சமாஜ்வாதியோடு சேர்ந்து 10 எம்.பி. கிடைத்தது, உடனே பிரிஞ்சாச்சு. ஆனால் விட்டுப்போன சனங்களைக் கூட்டணி திருப்பிக் கொண்டுவருமா? 2024-ல் அரசியல் சட்டத்தை மாத்திடுவாங்க என்ற பயம் சேரிகளில் பரவியது. அம்பேத்கர் பேரைச் சொல்லி வளர்ந்த கட்சிக்கு அதைவிட என்ன தருணம் வேண்டும்? ஓட்டு வேறு பக்கம் போனது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத்தொகுதியில் பாசி சமூகத்து அவதேஷ் பிரசாத் சமாஜ்வாதி சின்னத்தில் ஜெயித்தார். நகீனாவில் சந்திரசேகர் ஆசாத் தன் சொந்தக் கட்சியில் ஒன்றரை லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். எனக்குச் சந்தோஷம்தான், எதுக்கு மறைக்கணும்?

இந்தக் கட்சியைக் கட்டினது யாரு? நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்க. கான்ஷிராமே புனேயில் அரசு ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அங்கே அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறையைப் பறித்ததை எதிர்த்த ஒரு கடைநிலை ஊழியருக்காக நின்றதில்தான் அவர் பாதை திரும்பியது. 1978-ல் பாம்செஃப். அரசு ஊழியன் மேடை ஏற முடியாது, கொடி பிடிக்க முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கு, ஞாயிற்றுக்கிழமை, படிச்ச மூளை, இந்த மூணையும் தரலாம். தந்தார்கள். 1984 ஏப்ரல் 14-ல் கட்சி பிறந்தது அந்தக் காசில்.

அந்த அடுக்கு இன்றைக்கு மெலிந்துவிட்டது. பேங்க்ல கூட்டிப் பெருக்குறவங்க, காவல் நிக்கிறவங்க பலபேர் இப்ப காண்ட்ராக்ட் ஆளு. அங்க இட ஒதுக்கீடு எங்க இருக்கு? நாளைக்கு வேலை உண்டான்னு தெரியாதவன் சந்தா எப்படிக் கட்டுவான்? சந்தா வராத கட்சி பணமுள்ள வேட்பாளரைத் தேடும். அந்த அம்மா தம்பி மகனை வாரிசு என்பதும், நீக்குவதும், மறுபடி சேர்ப்பதும் எனக்கு இதற்கு அடுத்த விஷயம்தான்.

2025 அக்டோபர் 9-ல், கான்ஷிராம் நினைவு நாளில், லக்னோவில் பெருங்கூட்டம். 2027-ல் தனியாகவே நிற்போம் என்றார் மாயாவதி. தனியா நின்னா ஒற்றை இலக்கம் தாண்டுறது கஷ்டம்னு என் கணக்கு. கூட்டணி வைத்தால் கூடலாம். காண்ட்ராக்ட் தொழிலாளி கைக்கும் வேலையில்லாப் பட்டதாரி கைக்கும் பத்து ரூபாய் சந்தா ரசீது போய்ச்சேருதா? லக்னோ போற தோழர்கள் யாராவது அதை விசாரிச்சு எழுதுங்க. மேடையில் யார் யார் உட்கார்ந்தாங்கன்னு எழுத வேண்டாம், அது பேப்பர்லயே வரும்.