கூடத்துச் சுவரில் ஜகந்நாதர்
(நவராத்திரிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

வீட்டு அலங்காரம் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். மாமிகள் பேச வேண்டிய விஷயத்தை, அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தே காலம் கழித்த என்னிடம் ஏன் ஒப்படைத்தார் என்று யோசித்தேன். எங்கள் கூடத்துச் சுவரை அவர் பார்த்திருக்கிறார். அதுதான் காரணம்.

அங்கே தஞ்சாவூர் கிருஷ்ணர் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒடிஸா பட்டசித்திரம் இருக்கிறது. ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்ரை. என் பிள்ளையும் நாட்டுப்பெண்ணும் தத்தெடுத்த குழந்தை ஒடிஸாவில் பிறந்தவள். வரும்போது ஐந்து வயது. அவளுக்காக வாங்கிய படம் அது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதைக் கூடத்தில் மாட்ட நான் சம்மதிக்கவில்லை. "வருகிறவர்கள் கேட்பார்கள், குழந்தைக்கு எதற்குப் பழைய நினைப்பு?" என்றேன். நாட்டுப்பெண் எதிர்த்துப் பேசவில்லை. படம் அலமாரிக்குப் போயிற்று. ஆறு மாதத்தில் நம் பாஷை பேசக் கற்றுக்கொண்ட குழந்தை ஒருநாள் என்னிடம் வந்து, "தாத்தா, என் உம்மாச்சிய மட்டும் ஏன் உள்ளே வெச்சிருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலம் நானே ஆணி அடித்தேன்.

நான் ரசாயனம் படித்தவன். அந்தப் படத்தைப் பற்றி விசாரித்தேன். பூரிக்கு அருகே ரகுராஜ்பூர் கிராமத்தில் இது பரம்பரைத் தொழில். துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் பூசித் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். வெள்ளை நிறம் சங்கிலிருந்து, கால்சியம் கார்பனேட். சிவப்பு சாதிலிங்கம்; பாதரசமும் கந்தகமும். மஞ்சள் அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும். கறுப்பு, விளக்குக் கரி. பூரியில் ஜ்யேஷ்ட பௌர்ணமி ஸ்நானத்துக்குப் பிறகு சுமார் பதினைந்து நாள் மூர்த்திகளின் தரிசனம் கிடையாது. அப்போது பட்டசித்திரத்துக்குத்தான் பூஜை. பிறந்த ஊர் கண்ணுக்கு மறைந்துபோன குழந்தைக்கு ஒரு படம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் மட்டாஞ்சேரியையே பாருங்கள். 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் தரையில் சீனத்து ஓடுகள். போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையின் சுவரில் ராமாயணம். நாமும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தும் கொலுவையும் மரப்பாச்சியையும் விட்டோமா? ஐந்து வயதுக் குழந்தையிடம் மட்டும் எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு வா என்பது நியாயமா?

1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-வது பிரிவும், பிறந்த குடும்பத்தில் வளர முடியாத குழந்தையின் பண்பாடும் மொழியும் தொடர்வதைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

அனுபவத்தில் கண்ட மூன்று விஷயங்கள். படம் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் ஒட்டாமல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். விருந்தாளிகளிடம் படத்தின் கதையைச் சொல்லுங்கள், குழந்தையின் கதையைச் சொல்லாதீர்கள். அது அவளுடைய சொத்து. வேண்டும்போது அவளே சொல்லட்டும்.

இந்த வருஷக் கொலுவில் இரண்டாம் படியில் மரத்தாலான ஜகந்நாதர் இருக்கிறார். வைத்தது பேத்திதான். எல்லோரும் அவசியம் ஆத்துக்கு வர வேண்டும். சுண்டல் உண்டு.