முடிந்துவிட்டதா?

மென்பொருள் நிறுவனங்களில் ‘கோட் ஃப்ரீஸ்’ என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த நாள் முதல் யாரும் நிரலில் கை வைக்கக் கூடாது. புராஜெக்ட் மேனேஜர் ஒரு மின்னஞ்சல் தட்டுவார். குழுவும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட்டிடம் மென்பொருள் வேலையைக் கொடுத்திருந்தார். இது கோட் ஃப்ரீஸ், எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் இருந்தார். அது, புழக்கத்தில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்க முடியுமா என்றால், வழியில்லை என்றது. அவரே முயன்று பார்த்தார், மீண்டுவிட்டது!

அழித்ததைவிட அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது. மேனேஜரின் பிழைப்பே இரண்டு கேள்விகளில் ஓடுகிறது: முடிந்ததா? எப்போது முடியும்? “முடிஞ்ச மாதிரிதான் சார்” என்று ஒருவர் இழுத்தால், முடியவில்லை என்று மேனேஜருக்குப் புரியும். ஏஜென்ட் இழுப்பதில்லை. மெய்யோ பொய்யோ, ஒரே சரளம்.

மனிதர் கணக்கும் சுத்தமில்லைதான். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருந்து, கடைசி வாரத்தில் சிவந்த புராஜெக்ட்டுகள் எத்தனை! மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களின் 246 வேலைகளை இரண்டாகப் பிரித்தது. சிலவற்றில் ஏஐ கருவிகளுக்கு அனுமதி, சிலவற்றில் இல்லை. ஏஐ இருந்தால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பினார்கள். கடிகாரம் சொன்னதோ, 19 சதவீதம் கூடுதல். கருவிகள் வேகமாக மாறுகின்றன, இந்த எண்ணும் மாறலாம். ஆனால் அன்று வேலை பார்த்தவர்களுக்கே தாமதம் தெரியவில்லை.

அதனால் ஏஜென்ட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. மீட்டிங் குறிப்பு எழுதட்டும், பெரிய வேலையைச் சின்னச் சின்ன டிக்கெட்டுகளாகப் பிரிக்கட்டும், ஒரே பிழையைப் பத்துப் பேர் புகார் செய்திருந்தால் சேர்த்து வைக்கட்டும். இவற்றில் தவறு நேர்ந்தாலும் படித்துப் பார்த்துத் திருத்திவிடலாம். முடிந்ததா என்பதை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், சோதனையை ஓட்டிப் பாருங்கள். தொடக் கூடாததைத் தொடாதே என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், அனுமதியையே எடுத்துவிடுங்கள்.

ரெப்ளிட்டும் பிறகு அந்த வழிக்குத்தான் வந்தது. உருவாக்கத்துக்கு ஒரு தரவுத்தளம், புழக்கத்துக்கு வேறொன்று என்று தானாகவே பிரியும்படி ஏற்பாடு செய்வதாக அதன் தலைவர் அம்ஜத் மசாத் அறிவித்தார். நிரலைத் தொடாமல், ஏஜென்ட்டுடன் பேசித் திட்டமிட மட்டும் ஒரு தனி வசதியும் வரும் என்றார்.