நூலகத்துக்கும் ஒரு சந்தா
(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை என்று பேச வேண்டியவை நிறைய இருக்கும்போது, ஒரு நூலகத்துக்குக் காசு சேர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

நாங்கள் சொல்லும் நூலகத்துக்குப் பெயரே 'நூலகம்' என்பதுதான். 2005ஆம் ஆண்டு தொடங்கிய இணைய நூலகம் அது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள், சிறு பிரசுரங்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். இலாபம் பார்க்கும் கம்பெனி அல்ல. படிப்பதற்குக் கட்டணமும் இல்லை. கொழும்பிலும் லண்டனிலும் இருப்பவர் படிக்கும் அதே பக்கத்தை, பசறையில் ஒரு லயத்துப் பிள்ளையும் போனில் திறந்து படிக்கலாம்.

தோழர்களே, காகிதத்தின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானோம். 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. விவாகமானவர் 7 வருடம், மற்றவர்கள் 10 வருடம் இங்கே தொடர்ச்சியாக வாழ்ந்ததாகக் காட்டு என்றது. நம்முடைய தாத்தா பாட்டிமார் இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே கூடை சுமந்தவர்கள். ஆனாலும் காட்டுவதற்குக் காகிதம் இல்லாமல் எத்தனையோ விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, குடும்பங்களைப் பிரித்துக் கப்பல் ஏற்றியது. எழுத்தில் இல்லாதவன் ஊரிலும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

வரலாறும் அப்படித்தான். 1940இல், இதே பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில், தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு கவுன்சிலைத் தெரிவுசெய்து, தோட்டத் துரை அதோடு கலந்து பேசித்தான் நடக்கவேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஊவாவின் தொழிலாளர் செய்த காரியம் இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே காலத்தில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாக்கி மேடையில் பாடினார். சிறு புத்தகமாக அச்சடித்தும் கொடுத்தார். அந்த மாதிரிச் சிறு புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் முதலில் அழிந்துபோகின்றன. கறையான் தின்னும், கூரை ஒழுகி நனையும், கடையில் சாமான் சுற்றப் போகும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. நம் லயங்களில் நெருப்பே தேவையில்லை. ஒரு மழைக்காலம் போதும்.

பாடசாலையில் நாங்கள் தினமும் பார்ப்பது இன்னொன்று. ஒப்படைக்காக மலையக வரலாறு எழுதச் சொன்னால் பிள்ளைக்குப் புரட்ட ஒரு புத்தகம் இல்லை. டவுனுக்குப் போய்த் தேட பஸ் காசு வேண்டும். இலவசமாகத் திறந்து கிடக்கும் ஒரு நூலகம் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமல்ல. ஸ்கேன் செய்யும் இயந்திரம், கணினி, கரண்ட், பக்கங்களைச் சேமித்து வைக்கும் சேர்வர், உட்கார்ந்து வேலை செய்யும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். விளம்பரமும் கட்டணமும் இல்லாத இடத்தில் அது நன்கொடையாகத்தான் வரவேண்டும். விக்கிப்பீடியாவும் உலகெங்கும் பல பேர் கொடுக்கும் சிறு தொகையில்தான் நடக்கிறது. இது நமக்குப் புதிதா? நம் சங்கம் எதில் நிற்கிறது? பெரிய மனிதர் ஒருவரின் காசோலையிலா? இல்லை. சம்பளத் துண்டில் கழிகிற சந்தாவில்தானே நிற்கிறது!

"கக்கூசுக்குக் கதவில்லை, இதுக்குக் காசா?" என்று ஒரு தாய் கேட்டால், அவரிடம் ஒரு சதமும் கேட்கக்கூடாது. அரைப்பேர் விழுந்த மாதத்தில் யாரிடமும் கேட்கக்கூடாது. இதற்காகச் சம்பளத்தில் கழிக்கவும் கூடாது. விரும்பியவர் கொடுக்கட்டும். பத்து ரூபாயும் பெருமைதான். கதவுக்கான போராட்டமும் நிற்கப் போவதில்லை. இரண்டும் ஒரே உரிமைக் கணக்குத்தான்.

ஆகவே மூன்று யோசனைகள். ஒன்று: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்ததை நூலக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பி, பற்றுச்சீட்டைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். காசு யார் பையிலும் தங்கக்கூடாது. இரண்டு: வீட்டில் பழைய சங்க நோட்டீஸ், மே தின மலர், கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை இருந்தால் கொண்டு வாருங்கள். பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்தபின் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை போன்ற சொந்தப் பத்திரங்களை யாரிடமும் கொடுக்கவேண்டாம். மூன்று: டேட்டா போட வசதியில்லாத பிள்ளைகளுக்காக, கிளைக் காரியாலயத்தில் வாரத்தில் ஒரு பின்னேரம் ஒரு கணினியைத் திறந்து வைப்போம்.

2023இல், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையைக் காலால் நினைவுபடுத்தினார்கள். அந்த நினைவை எழுத்தில் காப்பாற்றும் வேலை இது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானத்துக்கு விடுங்கள். பிடிக்காதவர்கள் எழுந்து காரணம் சொல்லட்டும். பிடித்தவர்கள் கை உயர்த்தட்டும். எந்த முடிவானாலும் மறக்காமல் மினிட்ஸில் எழுதி வையுங்கள் தோழர்களே. அதுவும் நாளைக்கு நம் வரலாறுதான்.