ஏழூர்க்கு ஓர் உலை

(உலைத்தொழிலைப் புதிதாகக் கற்கப் புகும் இளைஞரிடை ஆற்றப்பெற்ற உரை)



குறுந்தொகையின் 172-ஆம் பாட்டைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பிரிவால் வருந்தும் ஒருத்தியின் நெஞ்சுக்கு அவர் காட்டிய உவமை எது தெரியுமா? நிலவன்று, மலரன்று, கொல்லன் துருத்தி! ஏழூர்களின் வேலையையும் ஓரூரில் வைத்த ஓருலை செய்து தர வேண்டியிருந்தது. ஆகலின் அவ்வுலைத் துருத்தி ஓய்வென்பதே அறியாது மிதிபட்டுக் கிடந்தது. அந்தத் தோல் படும் பாட்டையே ஒருத்தியின் நெஞ்சு படும் பாடாகக் கண்டார் புலவர். உலைக்களத்தை நாடோறும் கண்ட கண்ணுக்கன்றோ அவ்வுவமை தோன்றும்!

இன்றோ, ஏழூரைச் சுற்றி வந்தாலும் ஓருலை புகைவதைக் காண்டல் அரிதாகி வருகின்றது. அரிவாள் மழுங்கினால் காய்ச்சித் தட்டுவார் இலர். எறிந்துவிட்டுக் கடையில் வேறொன்று வாங்குகின்றனர். உழவன் கைக்கும் அவன் மண்ணுக்கும் ஏற்ப அளவு பார்த்துச் செய்த மண்வெட்டி போய், எல்லா மண்ணுக்கும் ஒரே வார்ப்பான மண்வெட்டி வந்துவிட்டது.

பெருமைப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்னும் செய்தி 2022-இல் வந்தது. சிவகளைச் சான்றுகள் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அறிக்கை 2025 சனவரியில் கூறிற்று. நொய்யற் கரைக் கொடுமணலில் இரும்புலைகளே மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. மேலைநாட்டார் வியந்த 'ஊட்சு' என்னும் எஃகின் பெயரும் உருக்கு, உக்கு என்னும் தென்சொற்களின் வழிவந்ததே என்பர் மொழியறிஞர். மகிழத்தக்க செய்திகள்தாம், மறுப்பார் யார்? ஆயின், இவற்றையெல்லாம் மேடையில் முழங்கி இறங்குவாரிடம் மழுங்கிய மண்வெட்டி ஒன்றைக் கொடுத்து, "இதனைக் காய்ச்சித் தட்டித் தருக" எனின், கையைப் பிசைந்து நிற்பார். மண்ணுக்கடியில் கிடக்கும் உலையைக் கொண்டாடுவோர் மண்ணுக்குமேல் ஓருலை மூட்டத் தெரிந்துகொள்ளல் வேண்டாவா?

அது பெரும்பாடன்று. உலைக்கு வேண்டுவன மூன்றே: மண், காற்று, கரி. விலை கொடுத்து உலை வாங்க வேண்டா. மேலைநாட்டுப் படங்களிற் காணும் இருப்பு மேடையும் வேண்டா.

2 முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் ஒன்றரைச் சாண் உயரமும் உள்ள பழைய மரப்பெட்டி ஒன்று போதும். பெட்டி இல்லையேல் அவ்வளவுக்குச் செங்கல் அடுக்கிக் கொள்க. 2 பங்கு களிமண், 1 பங்கு மணல், இரண்டு மூன்று கை உமி ஆகியவற்றைக் கலந்து நீர் தெளித்துப் பிசைக. பிடித்தால் பிடிபட வேண்டும்; பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உமி எதற்கு? மண் காயும்போது வெடிப்பைக் குறைக்கும். தீயில் உமி எரிந்து விட்ட நுண்புழைகள் வெப்பத்தைத் தாங்க உதவும். தென்னாட்டில் எஃகு உருக்கிய மட்கலங்களிலும் உமி கலந்திருந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். படிப்பறியாக் கொல்லன் என்று எவரேனும் இகழ்ந்தால் அந்த உமியை நினைத்துக் கொள்க.

மண்ணைப் பெட்டியில் சிறிது சிறிதாக இட்டுக் கட்டையால் இடித்து இறுக்குக. நடுவில் ஒரு சாண் வாயும் 8 விரற்கடை ஆழமும் உள்ள குழியைச் சட்டி வடிவில் தோண்டுக. குழிக்கும் பெட்டியின் மரத்துக்கும் இடையே எப்பக்கமும் ஏறத்தாழ ஒரு சாண் மண் நிற்றல் வேண்டும். குறைந்தால் பெட்டியே கரியாகும். பெருவிரல் நுழையும் புழையுள்ள இருப்புக் குழாயைப் பக்கத்திலிருந்து செலுத்தி, குழியின் அடியிலிருந்து 3 விரற்கடை மேலே அதன் வாய் திறக்குமாறு வைக்க. அடியில் விட்ட இடம் சாம்பலுக்கும் கிட்டத்துக்கும் உரியது. குழாய் வாயைச் சுற்றி மண் பூசினால் அது எளிதில் எரிந்து தேயாது. குழியின் இருமருங்கும் செங்கல் வைத்தால் கரி சிதறாமல் குவிந்து நிற்கும்.

இங்கு இரண்டு ஏதங்களை அறிவுறுத்தாமல் அப்பாற் செல்லுதல் தகாது. துத்தநாகம் பூசிய வெண்குழாயை உலையிற் சேர்க்கவே கூடாது. அப்பூச்சு வெப்பத்தில் ஆவியாகி மூச்சிற் கலந்தால் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கையில் தள்ளும். ஆற்றுக்கல்லையும் சிமிட்டிக் கட்டியையும் தீக்கருகில் வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி விரிய, அவை வெடித்துச் சிதறிக் கண்ணைக் கெடுக்கும்.

கட்டிய உலையை அன்றே மூட்டத் துடிப்பது இளைஞர் இயல்பு. பொறுக்க! நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டு, வெடிப்பில் மண் பூசி, முதலில் வைக்கோல் தீயும் பின்னர்ச் சுள்ளித் தீயும் காற்றூதாமல் எரித்து மண்ணை வாட்டிய பின்னரே கரியிடுதல் வேண்டும்.

காற்றுக்குத் தோல்துருத்தி கிடைத்தால் நன்று. இல்லையேல் கையாற் சுழற்றும் ஊதுவிசிறி போதும். பழைய மிதிவண்டியின் உருளியிலிருந்து வார் பூட்டி விசிறியை ஓட்டும் கொல்லர் பலர். மின்விசிறி பூட்டலாமா என்பர் சிலர். பூட்டலாம், ஆனால், கற்பவர்க்கு அது நல்லாசிரியன் அன்று. இரும்பை வெளியே எடுத்த பின்னும் அது ஊதிக்கொண்டே இருக்கும், கரி வீணாகும், கவனம் தவறினால் இரும்பும் எரியும். கையால் ஊதுபவனுக்கோ எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு வெப்பம் என்பது தோளிலேயே பதிந்துவிடும்.

கரி மரக்கரியாகவே இருக்கட்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி எங்கும் கிடைக்கின்றது. சிரட்டைக் கரியும் நல்ல வெப்பம் தரும். பெரிய கட்டிகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துத் தூளைச் சலித்து நீக்குக. உலையை அடைத்த அறையில் மூட்டாதீர்! எரியும் கரியிலிருந்து நிறமும் மணமும் அற்ற நச்சுவளி எழும். அது உயிரைக் குடிக்கும். நாற்புறமும் திறந்த கொட்டகையே தக்கது. ஆனால், நிழல் வேண்டும். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தோன்றாது. பருத்தி ஆடையே உடுக்க. செயற்கை நூலாடை பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி நீர் இருக்கட்டும்.

பட்டடைக்குப் பழைய இரும்புக் கடையில் முறையாக விலைக்கு வாங்கிய தண்டவாளத் துண்டு போதும். அதனை அடிமரக் கட்டையில் அசையாது பதிக்க. வள்ளுவர் கூடாநட்பைச் சொல்லுமிடத்து உவமையாக்கிய பட்டடை இதுவே. உலை, துருத்தி, குறடு, சம்மட்டி, கிட்டம், தோய்ச்சல் — இச்சொற்களை ஆக்கித்தர எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடவில்லை. உலைக்களத்தில் வழங்கின, உலை அவிந்தால் அகரமுதலியில் மட்டும் கிடக்கும்.

ஆகலின், ஊரில் முதிய கொல்லர் ஒருவர் இருப்பாராயின் முதலில் அவரிடம் செல்க. "ஐயா, கற்றுத் தாருங்கள்" எனத் தாழ்ந்து கேட்க. இத்தொழிலை ஒரு குடிக்கே உரியதென ஒதுக்கி வைத்து, அக்குடியையும் தாழ்வாக நடத்திய குற்றத்துக்கு அதுவே சிறிதளவு கழுவாய். அவர்தம் மக்களே வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்ட நிலையில், கேட்டு வருவாரைப் பெரும்பாலும் அவர் விலக்கார்.

இனி, முதல் வேலை. அரிவாள் அடிக்க ஆசைப்படாதீர். ஒரு கொக்கி செய்க. ஒன்றரை முழ நீளமுள்ள 10 மி.மீ. மென்னிருப்புக் கம்பி எடுத்தால், மறுமுனையைக் கையாற் பிடிக்கலாம், குறடும் வேண்டியதில்லை. கரியைக் குவித்து மூட்டி, கம்பியைக் குழாய் வாய்க்கு நேரே குத்தாமல், அதற்கு மேலே கனலின் நடுவிற் கிடைமட்டமாகச் செருகுக. வாய்க்கு நேரே வைத்தால் எரியாத காற்று பட்டு இரும்பு செதிள் செதிளாய்த் தேயும். மேலும் கீழும் கரி மூடியிருத்தல் வேண்டும்.

பின்னர் நிறத்தைப் பார்க்க. மங்கிய சிவப்பு 700 பாகை (செல்சியசு) அளவு. அடித்தால் இரும்பு இணங்காது. மாம்பழ மஞ்சளை நெருங்கும்போது 1000 பாகைக்கு மேல். அதுவே அடிக்கும் பதம். வெண்மை ஏறிப் பொறி பறந்தால் இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்க. எரிந்த பகுதியை வெட்டி எறிவதன்றி வேறு வழியில்லை. பதம் வந்ததும் பட்டடையில் வைத்து முனையை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டிக் கூராக்குக. மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி மீண்டும் உலையில் இடுக. தணிந்த இரும்பை வீம்புக்கு அடித்தால் கையும் நோகும்; இரும்பும் விரியும். கூராக்கிய முனையைப் பட்டடையின் விளிம்பில் வைத்து மெல்லத் தட்டி வளைத்தால் கொக்கி.

தோய்ச்சல் இதற்கு வேண்டா. மென்னிரும்பு தோய்ச்சலுக்கு இணங்கவும் இணங்காது. அரமும் வில்தகடும் போன்ற எஃகுக்கே அது உரியது. காந்தம் ஒட்டாத வெப்பம் 770 பாகை. அதனைச் சற்றே கடந்ததும் எஃகை எண்ணெயில் தோய்த்துப் பின் இளஞ்சூட்டில் பதப்படுத்துவர். பத்துக் கொக்கி அடித்த பின்னர் அதனைக் கொல்லரிடமே நேரிற் கண்டு கற்க.

வேலை முடிந்ததும் குழாயிலிருந்து விசிறியைக் கழற்றி வைக்க. கனலைப் பிரித்துவிட்டால் தானே தணியும். நீரை உலைக்குள் ஊற்றினால் மண் வெடிக்கும். கறுத்துக் கிடக்கும் இரும்பைத் தணிந்ததென எண்ணித் தொடாதீர். நீர் தெளித்துப் பார்த்த பின்னரே எடுக்க. அரைகுறையாய் எரிந்த கரி நன்கு அவிந்ததைப் பார்த்துப் பொறுக்கி வைத்தால், மறுநாள் உலை மூட்ட அது முதலிற் பற்றும்.