தலைவிதியும் ஒரு திருகாணியும்

(பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஒரு சிறு ஆகாய விமானம் கீழே விழுந்த சங்கதியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று எழுந்திருக்கிறேன். அதற்கும் நமது இயக்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு என்பது முடிவில் விளங்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள சாண்டா மோனிக்கா என்னும் ஊரில், 2015-ம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ந் தேதி, ஹாரிசன் போர்டு என்கிற பிரபல சினிமா நடிகர் தமது சொந்த விமானத்தில் தனியாகக் கிளம்பினார். அது 1942-ல் செய்யப்பட்ட ரயன் என்னும் பழைய மாதிரி. அப்போது அவருக்கு வயது 72. தரையை விட்டெழும்பிச் சிறிது உயரம் போனதும் இயந்திரம் பலமிழந்து விட்டது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பப் பார்த்தார். அதற்கு வேண்டிய உயரம் இல்லை. உடனே பக்கத்திலிருந்த கோல்ப் மைதானத்தை நோக்கி இறக்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் தட்டி விமானம் தரையில் மோதிற்று. எலும்புகள் முறிந்தன, ஆனால் உயிர் தப்பினார்.

இதை நம் பஞ்சாங்கக்காரரிடம் சொன்னால் என்ன சொல்லுவார்? "அன்று என்ன கிழமை?" என்பார். வியாழக்கிழமை. "மணி என்ன?" என்பார். சுமார் 2 மணி 20 நிமிஷம். "பார்த்தீரா, வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம்!" என்று துள்ளிக் குதிப்பார். சரி, அதே வியாழக்கிழமை அதே நேரத்தில் அந்த தேசத்திலே எழும்பிய மற்ற விமானங்களெல்லாம் ஏன் விழவில்லை? ராகுவுக்கு இந்த ஒரு விமானத்தின் மேல் மட்டும் என்ன விரோதம்? இதற்குப் பதில் சொல்லாமல், "உயிர் தப்பியது பூர்வபுண்ணியம்" என்று அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்நாட்டு விபத்து விசாரணை அதிகாரிகள் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து கொடுக்கும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர். அதில் பெட்ரோலை அளந்து விடுகிற ஒரு சிறு திருகு, நாளாவட்டத்தில் தளர்ந்து இடம் பெயர்ந்திருந்தது. அதனால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தது. காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் சரியாய் எரியாது. எனவே இயந்திரம் பலமிழந்தது. அந்தக் கருவி புதுப்பிக்கப்பட்டு சுமார் 17 வருஷமாயிருந்தது. அந்தத் திருகை இத்தனை காலத்திற்கொருமுறை சோதிக்க வேண்டுமென்ற குறிப்பும் இல்லை. மேலும், தோளைக் கட்டும் வார் சரியானபடி பொருத்தப்படாததால்தான் காயம் அதிகமாயிற்று என்றும் கண்டார்கள். ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஒரு திருகாணியும் ஒரு வாருமே காரணம்!

உயிர் தப்பியதற்கும் காரணம் உண்டு. தரைக்குச் சமீபத்தில் இயந்திரம் நின்றால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. உயரமில்லாமல் திரும்பினால் உள்ள உயரமும் போய்விடும். ஆகவே எட்டும் தூரத்திலுள்ள வெளியில் இறங்க வேண்டும். இது பூஜையால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது.

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். 2007-ல் நேபாளத்தில் ஒரு பெரிய விமானம் பழுதானபோது, ஆகாச பைரவர் என்ற சாமிக்காக விமானத்தின் முன் இரண்டு ஆடுகளை வெட்டினார்கள். 2016-ம் வருஷம் டிசம்பரில் பாக்கிஸ்தானத்தில் ஒரு விமானம் விழுந்து 47 பேர் மாண்டார்கள். சில நாளைக்கெல்லாம் அதே ஜாதி விமானமொன்றின் பக்கத்தில் ஒரு கறுப்பு ஆட்டை அறுத்தார்கள். முன்னது இந்துவின் ஆடு, பின்னது முஸ்லீமின் ஆடு. மதம் வேறானாலும் ஆட்டின் கதி ஒன்றே! பிறகு விசாரித்ததில், மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றாத இயந்திரத் தகடு ஒன்று முறிந்ததும் காரணங்களில் ஒன்று என்று வெளிவந்தது. எத்தனை ஆடு வெட்டினால் ஒரு தகடு புதிதாகும்?

தோழர்களே! பிரபல நடிகர் விழுந்தால் திருகாணி வரைக்கும் தேடுகிறார்கள். நம் கூலிக்காரன் சாரத்திலிருந்து விழுந்தால், ஆலையில் கொதிகலம் வெடித்துத் தொழிலாளி செத்தால், "அவன் விதி முடிந்தது" என்கிறார்கள். இந்த விதியால் லாபமடைகிறவன் யார்? அறுந்த கயிற்றை மாற்றாத முதலாளிதானே! விதியென்று சொன்ன அந்த நிமிஷமே விசாரணை நின்று போகிறது. குற்றவாளி தப்பித்துக் கொள்கிறான். அதே கயிற்றில் நாளைக்கு இன்னொருவன் ஏறுகிறான்.

ஆகவே, இனி யாராவது ஒரு சாவைக் காட்டி "தலையெழுத்து" என்று சொன்னால், "எந்தத் திருகு கழன்றது? அதை முடுக்க வேண்டியவன் யார்?" என்று தைரியமாய்க் கேளுங்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.