பண்ணை எனும் பெயரால்

(நாகூர்க் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வெட்டாறு கடலொடு கலக்கும் இந்நாகூர், மருதமும் நெய்தலும் கைகோத்து நிற்கும் ஊர். மேற்கே நெல், கிழக்கே மீன். இரண்டிற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வரப்பொன்று உண்டு. நிலத்தடியில் நிறைந்து நிற்கும் நன்னீரே, கடல்நீரை உள்ளே வரவொட்டாமல் தடுத்து நிற்கும் அவ்வரப்பு. 1990-களில் அதனை உடைக்க வந்தது இறால் வளர்ப்பு.

அதற்குப் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். பண்படுத்தி விளைவிக்கும் நிலத்தையன்றோ தமிழன் பண்ணை என்றான்? விளைநிலத்தை உவராக்கும் தொழிலுக்கா அப்பெயர்?

நடப்பதைக் கேளுங்கள். வயலை வாங்கிக் கரையெழுப்பிக் கடல்நீரைப் பாய்ச்சுகின்றனர். உப்பின் கடுமையைத் தணிக்க, ஆழ்குழாயிட்டு நன்னீரை உறிஞ்சிக் கலக்கின்றனர். மேலிருந்து உவர்நீர் கசிகிறது. கீழிருந்து நன்னீர் குறைகிறது. அவ்விடத்தில் கடல் புகுகிறது. தின்னாது எஞ்சிய தீனியும் கழிவும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கலந்த குளத்துநீரோ ஆற்றிலும் வாய்க்காலிலும் விடப்படுகிறது. அடுத்த குளத்தார் அதே நீரைத்தான் இறைக்கிறார்! 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவிக் குளங்கள் அழிந்ததில் வியப்பென்ன? கடைமடையில் மழைக்காலத்து வெள்ளம் வடியும் வழியையும் இக்கரைகள் மறிக்கின்றன.

குளத்துக்காரர்க்கு ஆதாயம் குறைந்தால் வேறிடம் போவார். நடவும் களையெடுப்புமே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் எங்கே போவார்கள்? நூறு பேர் இறங்கி வேலை செய்த வயலை நாலைந்து காவலர் சுற்றி வருகின்றனர். குடிநீர்க் குடத்தைத் தூக்கித் தொலைவு நடப்பவளும் அப்பெண்ணே.

1968-இல் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் இப்பகுதிக்கு வந்து, உழைப்பவர்க்கு நிலம் கேட்டுப் போராடிய செகநாதனும் கிருட்டிணம்மாளும் இத்துயரைக் கண்டு எழுந்தனர். பெற்றுத் தந்த நிலத்தையே உப்பு தின்றால் போராட்டத்தின் பயன்தான் யாது? 1994-இல் செகநாதன் உச்ச நயன்மன்றம் சென்றார். நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நயன்மன்றத்திற்கு அளித்த கணக்கைப் பாருங்கள்: தமிழகத்தில் இறாலால் வந்த வருவாய் ஆண்டுக்கு 280 கோடி உருபா, விளைந்த கேடு 423 கோடி! வருவாய் ஒருவர் பைக்கும் கேடு ஊரார் தலைக்கும் சென்றதை அக்கணக்கே காட்டிவிட்டது.

1996 திசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த குளங்களை 1997 மார்ச்சு 31-க்குள் அகற்றுக. விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குளமாக்காதே. வேலை இழப்போர்க்கு ஆறாண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகக் கொடு. கெடுத்தவனே ஈடு செய்க. ஏழை எளியோர் காதில் தேன் பாய்ந்தது.

பிறகு நடந்ததென்ன? நாடாளுமன்றம் 2005-இல் கடலோர நீர்வாழுயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றியது. தீர்ப்புக்கு அடிப்படையான 1991-ஆம் ஆண்டு அறிவிக்கையின் தடை, இத்தொழிலுக்குப் பொருந்தாதென அறிவிக்கை பிறந்த நாளிலிருந்தே முன்தேதியிட்டு விலக்கு அளித்தது. 2009-இல் அயல்நாட்டு வனாமி இறாலுக்கும் வாயில் திறந்தது. செகநாதன் 2013-இல் மறைந்தார். பதிவின்றிக் குளம் வைப்போர்க்கு 2005-ஆம் சட்டம் விதித்திருந்த சிறைத்தண்டனையையும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. சிறைக்கு மாற்றாகத் தண்டத்தொகை வந்தது.